எல்லோருக்குமாக ஒருவர்

(நுகர்வோர் உரிமை பற்றிய பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சென்னை அசோக் நகரில் தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கு வீடுகள் ஒதுக்கியது. விலை பேசி, தவணை கட்டி, குடும்பங்கள் குடியேறின. பல ஆண்டுகள் கழித்து, இன்னும் பணம் கட்ட வேண்டும் என்று வாரியத்திடமிருந்து ஒவ்வொரு ஒதுக்கீடுதாரருக்கும் கோரிக்கை வந்தது. குறைந்த வருவாய்ப் பிரிவு என்றால் எப்படிப்பட்ட குடும்பங்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அவர்கள் தனித்தனியே வழக்குப் போடுவதென்றால் ஆளுக்கொரு வக்கீல், ஆளுக்கொரு நீதிமன்றக் கட்டணம், ஆளுக்கொரு வாய்தா. அப்போது ஒரே ஒரு வீட்டுக்காரர், தனக்காகவும் மற்ற எல்லா ஒதுக்கீடுதாரர்களுக்காகவும் சேர்த்து ஒரே வழக்கைத் தொடுத்தார்.

வாரியம் எழுப்பிய ஆட்சேபனையில் ஒரு சட்ட நியாயம் இருப்பதுபோலத்தான் தோன்றும். ஒவ்வொருவரோடும் தனி ஒப்பந்தம். ஒவ்வொருவருக்கும் தனிக் கோரிக்கை. ஆகவே ஒவ்வொருவருக்கும் வழக்கு மூலம் வேறு. ஒருவர் எப்படி எல்லோருக்கும் வழக்காட முடியும் என்று கேட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1990-ல் தீர்ப்பு வந்தது. வழக்கு மூலம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, நலன் ஒன்றாக இருந்தால் போதும், இந்த வழக்கு இப்படியே நடக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தியாவில் ஒருவர் பலருக்காக வழக்காடுவது பற்றிப் பேசுகிற எவரும் இன்றும் மேற்கோள் காட்டுகிற தீர்ப்பு அது. அந்தச் சட்டம் நம் ஊர் வீட்டுக்காரர் ஒருவரால் தெளிவானது என்பதை நாம் பெருமையோடு நினைக்கலாம்.

செய்தித்தாள்களில் கிளாஸ் ஆக்‌ஷன் என்று படிக்கிறீர்களே, அந்தக் குழு வழக்கு எப்படி நடக்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு. இது அமெரிக்கச் சரக்கு, நமக்கில்லை என்று படித்தவர்கள்கூட நினைக்கிறார்கள். 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலேயே, கட்டளை 1 விதி 8 என்ற பெயரில், அது நம்மிடம் இருக்கிறது. உரிமை இருந்தும் அது ஏன் நமக்குப் பெரும்பாலும் பயன்படாமலே கிடக்கிறது என்பதைத்தான் நான் உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வழக்கின் தொடக்கத்தில் செலவுக்குப் பணம் போட ஆளில்லை. வழக்கின் முடிவில் சமரசம் பேசும்போது பாதிக்கப்பட்டவரைக் கேட்க ஆளில்லை. இந்த இரண்டு இடத்திலும்தான் நாம் தோற்றுப்போகிறோம்.

முதலில் இப்படி ஒரு வழக்கு ஏன் தேவை என்று பார்ப்போம். ஒரு தொலைபேசி நிறுவனம் சந்தாதாரர் ஒவ்வொருவரிடமும் தவறாக 40 ரூபாய் பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீதிமன்றத்துக்குப் போய்வர ஆட்டோவுக்கே அதைவிடக் கூடுதலாகும். யாரும் போகமாட்டார்கள். ஒரு கோடிச் சந்தாதாரர் இருந்தால் நிறுவனத்துக்கு 40 கோடி. திருடியவனுக்கு அது பெரிய தொகை, பறிகொடுத்தவனுக்குச் சிறிய தொகை. இந்த வித்தியாசத்தை நம்பியே சில வியாபாரங்கள் நடக்கின்றன. இழப்புகளையெல்லாம் ஒன்றாகக் கூட்டி ஒரே நீதிபதியின் முன் வைத்தால்தான் அந்த 40 கோடி கண்ணுக்குத் தெரியும்.

இனி விதி 8-க்கு வருகிறேன். நம் மாவட்ட நீதிமன்றங்களில் இதை அதிகம் பார்ப்பது ஊர்ச் சொத்து வழக்குகளில். வண்டிப்பாதை, மேய்ச்சல் நிலம், மயானம், கோயில் உரிமை ஆகியவற்றுக்காக நான்கைந்து பேர் வாதிகளாக நின்று, ‘தங்களுக்காகவும் ஊர்ப் பொதுமக்கள் சார்பாகவும்’ என்று பிராதில் எழுதுவார்கள். எழுதிவிட்டால் மட்டும் போதாது. நீதிமன்றம் அனுமதி தர வேண்டும். அனுமதி தந்தபின் அக்கறையுள்ள எல்லோருக்கும் அறிவிப்புப் போக வேண்டும். ஆட்கள் குறைவென்றால் நேரில் சார்வு செய்யலாம். அதிகமென்றால் பத்திரிகை விளம்பரம்.

அந்த விளம்பரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாளிதழின் உள்பக்கத்தில், ஏலம், பெயர் மாற்றம், தொலைந்த பத்திரம் இவற்றுக்கு நடுவே, பொடி எழுத்தில் ஒரு கட்டம். மேலே நீதிமன்றத்தின் பெயர். அதன்கீழ் அசல் வழக்கு எண். பிறகு வாதிகள், பிரதிவாதிகள். கட்டளை 1 விதி 8-ன்படி இன்ன தேதியில் காலை பத்தரை மணிக்கு ஆஜராகி ஆட்சேபனை இருந்தால் தெரிவிக்கலாம், தவறினால் வழக்கு உங்களைக் கட்டுப்படுத்தும் என்ற வாசகம். கடைசியில் வாதிகளின் வழக்கறிஞர் பெயர். அவ்வளவுதான். அந்த வழக்கில் உங்கள் வீட்டுக்குப் போகும் பாதையே இருக்கலாம். அதைப் படிக்காமல் பக்கத்தைத் திருப்பியிருப்போம். ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு உங்களுக்குச் சொல்லியாகிவிட்டது. தீர்ப்பு உங்களையும் கட்டுப்படுத்தும்; நீங்கள் மறுபடி அதே விஷயத்துக்கு வேறு வழக்குப் போட முடியாது.

தனக்குத் தெரியாமல் நடந்த வழக்கின் தீர்ப்பு தன்னைக் கட்டுப்படுத்தும் என்பது மிகக் கடுமையான ஏற்பாடு. அதனால்தான் யார் எனக்காகப் பேசுகிறார் என்ற கேள்வி இதில் உயிர்நிலையாகிறது. இதற்கு நான் படித்ததிலேயே மனத்தை உலுக்கிய வழக்கு சிகாகோ நகரத்தைச் சேர்ந்தது.

1920-களின் இறுதியில் சிகாகோவின் ஒரு பகுதியில் வெள்ளையர்கள் தங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் செய்திருந்தார்கள். கறுப்பினத்தவருக்கு யாரும் வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. தெருமுகப்பு அளவில் 95 சதவீத உரிமையாளர்கள் கையெழுத்திட்டால்தான் அது செல்லும். கார்ல் ஹான்ஸ்பெரி என்ற கறுப்பின வியாபாரி அங்கே ஒரு வீட்டை வாங்கிக் குடிபோனார். அவரை வெளியேற்ற வழக்கு வந்தது. ஒப்பந்தம் செல்லாது, உண்மையில் 54 சதவீதம்தான் கையெழுத்திட்டிருக்கிறார்கள் என்று அவர் தரப்பு காட்டியது. ஆனால், முன்பே வேறொரு வழக்கில், எல்லா உரிமையாளர்கள் சார்பிலும் ஒருவர் வழக்காடி, 95 சதவீதம் கையெழுத்தானது என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டு தீர்ப்பாகிவிட்டது, அது எல்லோரையும் கட்டுப்படுத்தும் என்று மாநில நீதிமன்றம் சொல்லிவிட்டது. பொய் என்று தெரிந்த ஒரு கணக்கு, குழு வழக்கின் தீர்ப்பு என்ற போர்வையில் ஒரு குடும்பத்தை வீட்டைவிட்டுத் துரத்தப் பார்த்தது.

1940-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஒப்பந்தத்தை நிலைநாட்டப் போராடியவர், அதை எதிர்ப்பவர்களின் பிரதிநிதியாக இருக்க முடியாது. தன் நலனைச் சரியாகப் பேச ஆளில்லாத வழக்கின் தீர்ப்பு ஒருவரைக் கட்டுப்படுத்தாது என்றது. அந்த வீட்டில் வளர்ந்த மகள் லொரெய்ன் ஹான்ஸ்பெரி பின்னாளில் பெரிய நாடகாசிரியரானார். உலகில் எங்கே குழு வழக்கு நடந்தாலும், பிரதிநிதி நேர்மையானவர்தானா, அவர் நலனும் மற்றவர் நலனும் ஒன்றுதானா என்று நீதிபதி முதலில் பார்க்க வேண்டும். அந்தக் கடமையை இதைவிடத் தெளிவாகக் கற்றுக்கொடுத்த வழக்கு எனக்குத் தெரிந்து வேறில்லை.

நலன் ஒன்றுதானா என்ற கேள்வியில் நம் நாட்டு நுகர்வோர் வழக்குகள் பல தடுக்கி விழுந்திருக்கின்றன. 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒரு நுகர்வோர் பலருக்காகப் புகார் கொடுக்க இடம் தந்தது; அதன் இடத்தில் வந்த 2019-ஆம் ஆண்டின் புதிய சட்டமும் இடம் தருகிறது. பெங்களூரில் 1,134 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு. குறித்த காலத்தில் வீடு தரவில்லை என்று 51 வீடுகளை வாங்கிய 91 பேர், எல்லோருக்கும் சேர்த்துப் புகார் கொடுத்தார்கள். 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? மற்ற ஆயிரத்துச் சொச்சம் வீட்டுக்காரர்களின் நிலையும் உங்கள் நிலையும் ஒன்றுதான் என்று காட்டப் புகாரில் போதிய விவரம் இல்லை. ஆகவே எல்லோருக்குமான வழக்காக இதை எடுத்துக்கொள்ள முடியாது. 91 பேரும் தங்களுக்காகக் கூட்டாக நடத்திக்கொள்ளலாம். எனக்கு அந்தத் தீர்ப்பின் முடிவில் வருத்தம் உண்டு. ஆனால் அதிலுள்ள பாடத்தை வக்கீல்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். ‘எல்லோருக்கும் இதே கதிதான்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு விட்டால் ஆகாது. யாருக்கு எந்தத் தேதியில் வீடு தருவதாகச் சொன்னார்கள், யார் ஏற்கெனவே சாவி வாங்கிவிட்டார்கள், ஒப்பந்த வாசகம் எல்லோருக்கும் ஒன்றா என்று உட்கார்ந்து அட்டவணை போட வேண்டும்.

அமெரிக்காவிலும் இந்தச் சுவர் உண்டு. வால்மார்ட் கடைகளில் பெண்களுக்குச் சம்பளத்திலும் பதவி உயர்விலும் பாகுபாடு என்று சுமார் 15 லட்சம் பெண்களுக்காக வழக்கு நடந்தது. ஒவ்வொரு கடையிலும் முடிவெடுத்தவர் அந்தந்த மேலாளர், எல்லோருக்கும் பொதுவான ஒரு கேள்வி இல்லை என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் அதைக் குழு வழக்காக ஏற்க மறுத்தது. நீதிபதிகள் ஐந்துக்கு நான்கு என்று பிரிந்து நின்ற தீர்ப்பு. நிறுவனம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பத்திரம் என்ற நிலைக்கு அது வழிகாட்டிவிட்டதாகவே நான் கருதுகிறேன். தேர் வடத்தைப் பிடிக்க ஊரே வரும் என்றாலும், எல்லோரும் ஒரே உயரமா என்று அளந்து பார்த்துத்தான் இழுக்க விடுவேன் என்றால் தேர் நிலையிலேயே நிற்க வேண்டியதுதான்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். விதி 8-ஐ மறுபடி படியுங்கள். அறிவிப்புச் செலவு வாதியுடையது. பத்திரிகை விளம்பரக் கட்டணம் என்ன என்று விசாரித்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 40 ரூபாய் இழந்தவர் ஊருக்கெல்லாம் விளம்பரம் கொடுக்க வேண்டும்.

இந்த ஒரு விஷயம் ஒரு நல்ல வழக்கை எப்படிக் கொல்லும் என்பதற்கு நியூயார்க்கிலிருந்து சான்று தருகிறேன். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் விதி 23 என்பது 1938-ல் வந்தது. 1966-ல் அதைத் திருத்தி, பண இழப்பீட்டு வழக்குகளில், விலகிக்கொள்கிறேன் என்று சொல்லாத எல்லோரும் குழுவில் இருப்பதாகவே கொள்ளலாம் என்று ஆக்கினார்கள். அதே ஆண்டில் ஒரு சிறு முதலீட்டாளர் வழக்குத் தொடுத்தார். நூறு பங்குக்குக் குறைவாக வாங்கி விற்பவர்களிடம் தரகு நிறுவனங்கள் அநியாயமாகக் கூடுதல் கட்டணம் வாங்குகின்றன என்பது புகார். அவருடைய சொந்த இழப்பு 70 டாலர். அவரைப் போன்றவர்கள் சுமார் 60 லட்சம் பேர். அதில் முகவரி தெரிந்தவர்கள் 22,50,000 பேர். எல்லோருக்கும் கடிதம் போட 2,25,000 டாலர் ஆகும். கீழ் நீதிமன்ற நீதிபதி வழக்கில் நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது என்று பார்த்து, அறிவிப்புச் செலவில் 90 சதவீதத்தை எதிர்த்தரப்பு ஏற்க வேண்டும் என்றார். 1974-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. முகவரி தெரிந்த ஒவ்வொருவருக்கும் தனிக் கடிதம், செலவு முழுவதும் வாதியுடையது என்றது. 70 டாலருக்காக இரண்டே கால் லட்சம் டாலர் யார் போடுவார்கள்? லட்சக்கணக்கானவர்களின் வழக்கு தபால் தலைக்குக் காசில்லாமல் நின்றது.

இவ்வளவுக்குப் பிறகும் அங்கே குழு வழக்குகள் நடக்கின்றன என்றால் காரணம் வக்கீல் கட்டண முறை. ஜெயித்தால் கிடைக்கும் தொகையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வக்கீலுக்கு, தோற்றால் ஒன்றுமில்லை என்ற ஏற்பாடு அங்கே சட்டப்படி சரி. ஆகவே வக்கீல் நிறுவனமே அறிவிப்புச் செலவு, நிபுணர் செலவு எல்லாம் போட்டு வழக்கை நடத்துகிறது. இதில் கெடுதலும் உண்டு. வக்கீலுக்குக் கோடிக்கணக்கில் கட்டணம், பாதிக்கப்பட்டவருக்கு அதே கம்பெனியில் அடுத்த முறை வாங்கினால் தள்ளுபடி தருகிற கூப்பன் என்று சமரசங்கள் நடந்து, அதைக் கட்டுப்படுத்த 2005-ல் அவர்கள் நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டிவந்தது.

இந்தியாவில் வழக்கறிஞர் இப்படிப் பங்கு பேசுவதை பார் கவுன்சில் விதி தடை செய்கிறது. அவசரத்தில் இருக்கும் கட்சிக்காரரிடம் பேரம் பேசக் கூடாது என்ற நல்ல நோக்கம் அதில் இருக்கிறது. தனி வழக்குகளுக்கு அந்தத் தடை நீடிக்கட்டும். பல ஆயிரம் பேருக்கான வழக்கில் மட்டும், ஜெயித்த தொகையிலிருந்து நீதிபதியே பார்த்து நியாயமான கட்டணத்தை நிர்ணயிக்கலாம் என்று ஒரு வழி திறக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இல்லையென்றால் யாரோ ஒரு நல்ல மனிதர் கைக்காசு போட்டு நடத்தும்வரை காத்திருக்க வேண்டும்.

சத்யம் கம்ப்யூட்டர்ஸ் விவகாரம் நினைவிருக்கும். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று கடிதம் எழுதினார். ஒரே நாளில் பங்கின் விலை நான்கில் மூன்று பங்குக்கு மேல் சரிந்தது. அந்தக் கம்பெனியின் பங்குகள் இங்கேயும் விற்றன, நியூயார்க்கிலும் விற்றன. நியூயார்க் சந்தையில் வாங்கியவர்களுக்காக அங்கே உடனே குழு வழக்கு. 2011-ல் கம்பெனி 12.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. தணிக்கை நிறுவனம் தன் பங்குக்கு 2.55 கோடி டாலர். இங்கே? லட்சக்கணக்கான சிறு முதலீட்டாளர்களுக்காக ஒரு முதலீட்டாளர் சங்கம் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போனது. ஏற்கப்படவில்லை. உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. ஒரே பொய், ஒரே நாள், ஒரே கம்பெனி. எந்தச் சந்தையில் வாங்கினீர்கள் என்பதை வைத்து ஒருவருக்கு இழப்பீடு, இன்னொருவருக்கு வெறுங்கை. அந்த முதலீட்டாளர்களில் எத்தனையோ பேர் பணி ஓய்வுத் தொகையைப் போட்டவர்கள்.

அந்த அவமானத்துக்குப் பிறகுதான் 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தில் பிரிவு 245 வந்தது. நூறு பங்குதாரர்கள், அல்லது மொத்த உறுப்பினர்களில் 5 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது. பட்டியலிட்ட கம்பெனியானால் 2 சதவீதப் பங்கு வைத்திருப்பவர்களும்கூட, தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இயக்குநர்கள் மட்டுமல்லாமல் தணிக்கையாளர்களிடமும் இழப்பீடு கேட்கலாம். 2016 ஜூனில் அமலுக்கு வந்தது. வங்கிகளுக்கு இது பொருந்தாது. பிரிவு 125-ல் இதற்கென முதலீட்டாளர் நிதியிலிருந்து வழக்குச் செலவைத் திருப்பித் தரவும் இடம் இருக்கிறது. இவ்வளவு இருந்தும் இந்தப் பிரிவில் வந்த வழக்குகள் மிகச் சொற்பம். திருப்பித் தருவது என்றாலே முதலில் ஒருவர் கையிலிருந்து போட வேண்டும் அல்லவா?

அடுத்து, முடிவில் யாரைக் கேட்பது என்பது. இதைப் போபாலை விட்டுவிட்டுப் பேச முடியாது.

1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மீத்தைல் ஐசோசயனேட் கசிந்தது. சில நாட்களிலேயே அமெரிக்க வக்கீல்கள் போபாலில் வந்து இறங்கி, எழுதப் படிக்கத் தெரியாத மக்களிடம் அதிகாரப் பத்திரங்களில் கைநாட்டு வாங்கினார்கள். அமெரிக்க நீதிமன்றங்களில் சுமார் 145 வழக்குகள் குவிந்தன. 1985-ல் இந்திய அரசு ஒரு சட்டம் போட்டது. பாதிக்கப்பட்ட எல்லோருக்கும் இனி ஒரே பிரதிநிதி மத்திய அரசு. வழக்காடவும் சமரசம் செய்யவும் அதற்கு மட்டுமே உரிமை. அந்த நிலையில் அது தேவையாக இருந்தது என்பதை மறுக்கமாட்டேன். ஒரு பெரிய பன்னாட்டு நிறுவனத்தை அந்த ஏழை மக்கள் தனித்தனியாக எதிர்த்திருக்க முடியாது. 1986 மே மாதம் நியூயார்க் நீதிபதி ஜான் கீனன், இதை இந்திய நீதிமன்றங்களே விசாரிக்கட்டும் என்று திருப்பி அனுப்பினார். போபால் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. அரசு கேட்ட தொகை 330 கோடி டாலர்.

1989 பிப்ரவரி 14. இடைக்கால நிவாரணம் பற்றிய மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. அன்று திடீரென்று வழக்கு மொத்தமும் முடிந்தது. 47 கோடி டாலர். அன்றைய மதிப்பில் 715 கோடி ரூபாய் அளவு. கேட்டதில் ஏழில் ஒரு பங்கு. கணவனை இழந்தவளையும், கண் பார்வை போனவரையும், மூச்சிரைப்போடு வாழ்ந்தவரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்டளை 1 விதி 8 என்ன சொல்கிறது? சாதாரண ஊர்ப் பாதை வழக்கில்கூட, அக்கறையுள்ள எல்லோருக்கும் அறிவிப்புக் கொடுக்காமல் வழக்கை வாபஸ் வாங்கவோ, சமரசம் செய்யவோ, கோரிக்கையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கவோ கூடாது. ஒரு வண்டிப்பாதைக்கு இருக்கிற பாதுகாப்பு போபால் மக்களுக்குக் கிடைக்கவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் அந்தச் சட்டம் செல்லுமா என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம், சமரசத்துக்கு முன் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டது. ஆனாலும் மறுசீராய்வில் அவர்களைக் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. 1991-ல் தொகை அப்படியே உறுதியானது. குற்ற வழக்குகள் மட்டும் உயிர் பெற்றன. நிவாரணம் பங்கிடும் வேலை பல ஆண்டுகள் இழுத்தது. ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டவர்களாகக் கணக்கிடப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கிடைத்தது 25,000 ரூபாய். 1990 முதல் மாதாமாதம் கொடுத்த 200 ரூபாய் இடைக்கால உதவியை அதிலும் கழித்துக்கொண்டார்கள். 2004-ல் மிச்சமிருந்த சுமார் 1,500 கோடி ரூபாயை அவர்களுக்கே பிரித்துக் கொடுக்க உத்தரவானது. கூடுதல் இழப்பீடு கேட்டு அரசு 2010-ல் போட்ட சீராய்வு மனுவை 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 1989-ல் ஒருமுறை கேட்டிருந்தால், இறந்தவர் எத்தனை, ஊனமுற்றவர் எத்தனை என்ற உண்மைக் கணக்காவது அப்போதே மேசைக்கு வந்திருக்கும்.

அரசு நமக்காக நிற்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 1990-களில் நிதி நிறுவனங்கள் வரிசையாகக் கைவிரித்தபோது, 1997-ல் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நிறுவனத்தின் சொத்தை முடக்கி, ஏலம் விட்டு, தனி நீதிமன்றம் மூலம் எல்லோருக்கும் விகிதப்படி பங்கிட வேண்டும் என்பது ஏற்பாடு. 2011-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. பொருளாதாரக் குற்றப்பிரிவு அலுவலகத்தில் ரசீதுகளோடு வரிசையில் நின்றவர்கள் இந்த அவையிலும் இருக்கக்கூடும். அந்தச் சட்டம் இல்லாவிட்டால் முதலில் ஓடிப்போய் வழக்குப் போட்ட பணக்கார முதலீட்டாளர் எடுத்தது போக மற்றவர்களுக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது.

பொதுநல வழக்கு என்ற இன்னொரு வழியும் நமக்குண்டு. பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகள் பற்றிய வேலூர் வழக்கில் 1996-ல் வந்த தீர்ப்பு உலகப் புகழ் பெற்றது. மாசு செய்தவன் பணம் கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டமாக்கியது அது. ஆனால் 2025 ஜனவரியிலும், பாதிக்கப்பட்ட விவசாயக் குடும்பங்களுக்கு இழப்பீட்டைக் கொடுத்து முடியுங்கள் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. பொதுநல வழக்கு ஆலையை மூடவைக்கும், அதிகாரியை ஓடவைக்கும். வீட்டு வாசலுக்குப் பணம் கொண்டுவந்து சேர்க்கும் கருவி அதனிடம் இல்லை.

கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலைத் தொழிலாளர்கள் வேறு மாதிரி செய்தார்கள். பாதரசக் கழிவு வெளிப்பட்டு 2001-ல் ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டு 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். உடல்நலக் கேடு தங்களால் வந்ததல்ல என்பதே நிறுவனத்தின் நிலை. பத்து ஆண்டுகள். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுக்காக இந்துஸ்தான் யூனிலீவரோடு உடன்பாடு கையெழுத்தானது. தொகை வெளியிடப்படவில்லை. அது போதுமா என்று விவாதிக்கலாம். ஆனால் அங்கே கையெழுத்திட்ட மேசையில் தொழிலாளர்களின் சங்கம் உட்கார்ந்திருந்தது. போபாலில் இல்லாதது அதுதான்.

ஆகவே நண்பர்களே, நாம் கேட்க வேண்டியவை பெரிய புரட்சி எதுவும் இல்லை. கம்பெனியிடம் வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் கைப்பேசி எண்ணும் இருக்கிறது. பில் கட்டத் தவறினால் ஒரே நாளில் மூன்று குறுஞ்செய்தி வருகிறது. அதே எண்ணுக்கு, ‘உங்கள் சார்பில் எங்கள் மீது இன்ன வழக்கு நடக்கிறது’ என்ற அறிவிப்பையும் அந்தக் கம்பெனியே தன் செலவில் அனுப்ப நீதிமன்றம் உத்தரவிடலாம். அமெரிக்கா 2018-ல் மின்னணு அறிவிப்புக்கு வழி செய்துவிட்டது. 1992-ஆம் ஆண்டின் நுகர்வோர் நல நிதி விதிகளில், நுகர்வோர் குழுவின் வழக்குச் செலவைத் திருப்பித் தர இடம் வைத்தார்கள். அதுவும் இறுதித் தீர்ப்புக்குப் பிறகுதான். ஆணையம் வழக்கை ஏற்ற அன்றே அறிவிப்புச் செலவுக்காவது அந்தப் பணம் வெளியே வர வேண்டும். சமரசம் என்று வந்தால், தொகையையும் வக்கீல் கட்டணத்தையும் தமிழில் அச்சிட்டு, ஒவ்வொருவருக்கும் அனுப்பி, ஆட்சேபனை சொல்ல நாள் கொடுத்தபின்தான் நீதிபதி கையெழுத்திட வேண்டும்.

சட்டக் கல்லூரி மாணவர்களே, நீங்கள் வக்காலத்து எடுக்கும் நாளில் உங்களிடம் ஒரே மாதிரிக் குறையோடு மூன்று பேர் வந்தால், மூன்று தனி வழக்காக எண் போட்டுவிடாதீர்கள். நான்காவது ஆளும் நாற்பதாவது ஆளும் எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். மற்றவர்களே, ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். நாளிதழின் உள்பக்கத்தில் விதி 8 என்று ஒரு பொடி எழுத்து விளம்பரம் கண்ணில் பட்டால் வாதி யார், பிரதிவாதி யார், ஆஜராக வேண்டிய தேதி எது என்று முழுவதும் படியுங்கள். அந்த வழக்கில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டு மனுப்போட உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது.